பைலட்டின் இடப்பக்கம்

எங்கள் வீட்டில் இலையில் உப்பை வலப்பக்கம்தான் வைப்போம். புதிதாகச் சாப்பிட வருகிறவர்கள் ஒரு நிமிடம் தேடுவார்கள். இலையின் நுனி இடப்பக்கம், நுனியோரம் உப்பு, அதை அடுத்து ஊறுகாய் என்றுதானே எல்லாரும் வளர்ந்திருக்கிறோம். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஐம்பத்தோரு வயதில் மாற்றிக்கொண்டேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எந்தப் பக்கம் இருந்தாலும் உப்பு உப்பாகத்தான் கரிக்கிறது.

அது ஏன் என்று கேட்டால் ஒரு இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்கிறேன், சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளுங்கள் கண்ணுகளா. பயப்படும்படி எதுவும் சொல்லமாட்டேன். எனக்கு யாரையும் பயமுறுத்திப் பழக்கமில்லை.

என் பெயர் உலகம்மாள். தென்காசி கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ‘உலகம்மன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்’ என்று பச்சைப் பலகை தொங்குமே, அது என்னுடையது. அம்மன் பெயரை வைத்திருக்கிறேன் என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உண்மையில் அது என் பெயர். ‘மாள்’ என்று எழுத இடம் போதவில்லை என்று பெயின்டர் ‘மன்’ என்று முடித்துவிட்டார். வந்த புண்ணியத்தை ஏன் தள்ளுவது என்று நானும் விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரே தம்பி, ஆறுமுகநயினார். நான் இருபத்து மூன்று வயதில் தாலி இழந்து திரும்பி வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது. லாரியில் கிளீனராக இருந்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பழைய டைப்ரைட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான். “எக்கா, இதத் தட்டிப் படி. ஒரு பயகிட்டயும் கையேந்த வேண்டாம்” என்றான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “எனக்கு ஸ்டியரிங் இருக்கு, ஒனக்கு டைப்பு இருக்கு, வேற என்னத்துக்கு ஆளு” என்பான்.

பிறகு ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் பஸ்ஸுக்கு டிரைவரானான். தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகிற வண்டி. காலை ஆறு மணி நடை அவனுடையது. அவன் ஓட்டினால், பக்கத்தில் என்ஜினை மூடியிருக்கும் பானட்மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் தளும்பாது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் அவன் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். அப்படித்தான் அவனுக்கு ‘பைலட்’ என்று பேர் வந்தது. செங்கோட்டையில் டீக்கடைக்காரர்கூட, “பைலட் சார், சாயா எடுக்கட்டே?” என்றுதான் கேட்பார். அவனும் அந்தப் பேருக்கேற்ப காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு, காலரை நிமிர்த்தி விட்டுக்கொள்வான். அவனிடம் இருந்த சொத்து அந்த சீட்டும் அந்தப் பேரும்தான்.

எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் இரண்டு நாள் தலைவலி என்று படுத்தான். மூன்றாம் நாள் எழுந்தான், குளித்தான், வேலைக்குப் போய்விட்டான். நான்காம் நாள் சாப்பிடும்போது, “எக்கா, உப்பு வைக்கலியா?” என்றான்.

உப்பு வைத்திருந்தேன். இலை நுனியில், இடப்பக்கம்.

“கண்ணைத் தொறந்து பாருலே, மாப்பிள்ளைத் தோரணையில உக்காந்திருக்க” என்றேன். தலையை நன்றாகத் திருப்பினான். “அட, இங்கன இருக்கு” என்று சிரித்தான். மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாள் கேட்கவில்லை. உப்பில்லாமலே ரசத்தைச் சாப்பிட்டு எழுந்துவிட்டான். அன்று சாயங்காலம் நான் உப்பை வலப்பக்கம் வைத்தேன். அவனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டான்.

இப்படித்தான் ஆரம்பித்தது. வேறு எந்தக் கெட்ட எண்ணமும் அப்போது இல்லை, இப்போதும் இல்லை.

மாசியில் எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மதுரையிலிருந்து அதை மாட்டிக் கொடுக்க வந்த இன்ஜினியர், போகும்போது ஒரு ஃபிளாப்பியைக் கொடுத்து, “இது பிளேன் ஓட்டுற விளையாட்டு மேடம், பிள்ளைகளுக்குக் கீபோர்டு பழகட்டும்” என்றார். கூடவே ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம்.

பிளேன் என்றதும் எங்கள் டைப் கிளாஸ் பெண்கள் விடுவார்களா? பைலட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டார்கள். அவனும் காலரை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் பச்சைக் கோடுகளால் ஒரு ஓடுபாதை, தூரத்தில் கட்டடங்கள், அதற்கப்பால் மலை. அம்புக்குறிச் சாவிகளைத் தட்டினால் விமானம் கிளம்பும். ஆனால் படம் தத்தித் தத்தி வந்தது. ஒரு சாவியைத் தட்டிவிட்டு ஒரு மிடறு காப்பி குடித்துவிட்டு வந்தால்தான் அடுத்த படம் வரும்.

“இது பிளேனா, கல்லு ஏத்துன மாட்டுவண்டியா?” என்றான் நயினார்.

“சாக்கு சொல்லாதிய பைலட் மாமா. பதினேழாவது பிளேன் போச்சு” என்றாள் ஒருத்தி.

“எட்டீ, நீ எண்ணுததுக்குத்தான் வந்தியா?”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். கண்ணுகளா, என் தம்பியைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் அந்தத் தடித்த புத்தகத்தையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே படித்தேன். அந்த விளையாட்டுக்குள் ஒரு பட்டியல் இருந்தது. எதையெதைத் திரையில் வரைய வேண்டும், எதை வேண்டாம் என்று நாமே சொல்லிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் பாவம், ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைகிறது. மேகம், மலையின் நிழல், ஏரியின் கரை, கட்டடத்தின் ஜன்னல், ஓடுபாதையின் நடுக்கோடு என்று அத்தனையும் அதற்குச் சுமை. மேகத்தை எடுத்தேன், கொஞ்சம் லேசானது. மலை நிழலை எடுத்தேன், இன்னும் கொஞ்சம். ஜன்னல்களை எடுத்ததும் படம் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கக் கை நிற்கவில்லை. எத்தனை குறைவாக வரைகிறோமோ அத்தனை நன்றாக ஓடுகிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை எனக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

நயினாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அழகாக ஏற்றினான், அழகாக வளைத்தான். விரல்கள் ஸ்டியரிங் பிடித்த விரல்கள் அல்லவா. ஆனால் கொஞ்ச நேரத்தில் நேராகப் போய்த் திரையில் நின்ற ஒரு கோபுரத்தில் முட்டினான். மறுபடி ஏற்றினான், மறுபடி முட்டினான். நான் பின்னால் நின்று கவனித்தேன். வலப்பக்கம் நின்ற கோபுரத்தை ஒவ்வொரு தடவையும் லாகவமாக விலக்கினான். முட்டியதெல்லாம் இடப்பக்கம் நின்றதன்மேல்தான்.

எனக்கு உப்பு ஞாபகம் வந்தது.

படத்தை நிறுத்தி வைத்துக் கேட்டேன். கோபுரம் திரையின் இடது ஓரத்தில் இருந்தது.

“இப்ப என்னலே தெரியுது?”

“என்ன தெரியுது, ஒண்ணுமில்ல. வெறும் பொட்டலு.”

ஒரு சாவியைத் தட்டி அதை நடுவுக்கு நகர்த்தினேன்.

“எக்கா, இது எங்கயிருந்து வந்துச்சு? இப்பத்தான் மொளைச்சுதா?”

“கம்ப்யூட்டரு மெதுவா வரையுதுலே. அதான் திடீர்னு வருது” என்றேன். “நான் சரி பண்ணித் தாரேன்.”

அது பொய் இல்லை. கம்ப்யூட்டர் மெதுவாகத்தான் வரைந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி மெதுவாக வரைந்தது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

அடுத்த ஒரு வாரம், அவனுக்குத் தெரியாமல் அவன் பார்வையை அளந்தேன். கோபுரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த இடத்தில் அவன் “அந்தா” என்கிறானோ அங்கே திரைமேல் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். ஏழு நாளில் புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடாயின. திரைக்குச் சரிபாதியில், நெட்டுக்குத்தாக. அந்தக் கோட்டுக்கு இடப்புறம் என் தம்பிக்கு உலகம் இல்லை. இல்லை என்பதும் அவனுக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

மதுரைக்குக் கூட்டிப் போயிருக்கலாமே என்பீர்கள். நினைக்காமல் இல்லை. டாக்டர் பார்ப்பார், ஒரு தாளில் எழுதுவார். எழுதின தாள் எங்கெங்கே போகும், என்னென்ன செய்யும் என்று முப்பது வருஷமாகத் தாள் அடிக்கிறவளுக்குத் தெரியாதா? அந்தத் தாள் அவனை சீட்டிலிருந்து இறக்கிவிடும். இறங்கியவன் என்ன செய்வான்? வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதுவும் பாதியைத்தான் பார்ப்பான். அதை என்னால் நினைக்க முடியவில்லை.

சித்திரையில் ஆவுடைநாயகம் அண்ணாச்சி இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். உள்ளே வந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“டீச்சர், இலஞ்சி விலக்கு மதகுல வண்டி ஒரசியிருக்கு. இடப்பக்கம் பூராவும் ஒரு கோடு, பாம்பு மாதிரி கெடக்கு. பய கையில இருபது வருசத்துல ஒரு கீறல் கெடையாது. கண்ணு கிண்ணு மங்குதோ?”

“அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி.”

“சீசன் வருதுல்லா. ஆளும் பேருமா நடுரோட்டுல நடப்பான். எதுக்கும் பாத்துக்கிடுவோம்னுதான். மருதையில கம்ப்யூட்டர்ல ஜாதகமே போட்டுத் தாரானாம். இதுல கண்ணு பாக்க முடியாதா?”

“முடியும் அண்ணாச்சி. பிளேன் ஓட்டச் சொல்லிப் பாத்துருவோம். வெள்ளிக்கிழமை வாங்க” என்றேன்.

அவருக்குப் பரம திருப்தி. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று எல்லாரும் நம்பிய காலம். நானும் அதைத்தான் நம்புகிறேன். நாம் வரையச் சொன்னதை அது வரைகிறது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு முன் மறுபடியும் அந்தப் பட்டியலைத் திறந்தேன். கட்டடங்கள்: வேண்டாம். மலை: வேண்டாம். கோபுரம், பாலம், ஏரி: வேண்டாம். கீழே ஒரு பச்சைத் தளமும் மேலே ஒரு கோடும் மிஞ்சின. கடைசி வரியில் இன்னொன்று இருந்தது, அதுவரை நான் கவனிக்காதது. மோதலைக் கணக்கில் எடுக்கட்டுமா, வேண்டாமா என்று கேட்டது. வேண்டாம் என்றால், எதன்மேல் போனாலும் விமானம் ஊடுருவிப் போய்விடும், நொறுங்காது, நிற்காது. விளையாடுகிறவர்களின் நிம்மதிக்காக வைத்திருக்கிறார்கள். எவ்வளவு இரக்கமுள்ள மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ‘வேண்டாம்’ என்று தட்டினேன்.

வெள்ளிக்கிழமை நயினார் நாற்பது நிமிஷம் ஓட்டினான். அத்தனை வழுவழுப்பாக ஒரு படம் ஓடி அந்த இன்ஸ்டிடியூட்டில் யாரும் பார்த்ததில்லை. பெண்கள் கை தட்டினார்கள். அண்ணாச்சி, “ஏலே, நெசமாவே பைலட்டுதாம்லே நீ!” என்று முதுகில் ஒரு போடு போட்டார். கரகரவென்று பிரின்டரில் ஒரு சான்றிதழ் எடுத்துக் கொடுத்தேன். ‘ஆறுமுகநயினார். நாற்பது நிமிடம். மோதல்கள்: 0.’ அண்ணாச்சி அதைச் சட்டம் போட்டு, பஸ்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வலப்பக்கம்தான் மாட்டினார். நான்தான் அங்கே மாட்டச் சொன்னேன்.

அப்படியே விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் பொறுப்பு உண்டு. மறுநாளிலிருந்து ஆறு மணி வண்டியில் நானும் ஏறினேன். பானட்டுக்கு இடப்பக்கம் ஒற்றை சீட் ஒன்று உண்டு, அங்கே உட்கார்ந்தேன். குற்றாலத்தில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன். இடப்பக்கம் ஆளோ மாடோ சைக்கிளோ தென்பட்டால் இருமுவேன். இருமினால் அவன், “என்னக்கா?” என்று என் பக்கம் திரும்புவான். திரும்பினால் இடப்பக்கம் முழுவதும் அவன் கண்ணில் படும். படவும் வண்டியை வலப்பக்கம் ஒதுக்குவான். அவ்வளவுதான் ஏற்பாடு. அவனுக்கே தெரியாது. அக்காவுக்கு இருமல் என்று கற்பூரவல்லி பறித்து வந்து கஷாயம் போட்டுக் கொடுத்தான். அதையும் குடித்தேன். கண்டக்டர் முகம்மது மீரான், “டீச்சரம்மா, குத்தாலத் தண்ணி ஒங்களுக்குச் சேரல. பேசாம வீட்டுல வெந்நி போட்டுக் குளிங்க” என்பார்.

பிச்சம்மாள்தான் அதிகமாக வருத்தப்பட்டவள். பழைய அருவிக்குத் திரும்புகிற வளைவில், ரோட்டின் இடது ஓரத்தில் மங்குஸ்தான் கூடையோடு நிற்பாளே, அவள். பஸ் நின்றதும் ஜன்னலுக்கு ஓடிவந்து, “ஏ டைப்பு டீச்சரு, இன்னும் லொக்கு லொக்குங்குதியா? இந்தா, இத வாயில அடக்கிக்க” என்று மிளகும் பனங்கற்கண்டும் மடித்த பொட்டலத்தைக் கையில் திணிப்பாள். பைலட்டையும் விடமாட்டாள். “ஏ பைலட்டு, பிளேனு எங்க, ஒத்த றெக்கையோட வாரிய?” என்பாள். அவன் இடப்பக்கம் தேடுவான். குரல் வருகிறது, ஆள் தெரியாது. நான் இருமுவேன். திரும்பி அவளைப் பார்த்துச் சிரிப்பான்.

அவள் நிற்கிற இடத்தை மாற்றச் சொல்லலாமா என்று பலமுறை நினைத்தேன். எதிர்ப்பக்கம் நின்றால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாள். பிச்சம்மாளுக்கு ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஐந்தருவி வரைக்கும் போய்விடும். அதனால் சொல்லவில்லை. இருமல்தான் இருக்கிறதே.

சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று மாதம் ஒரு கீறல் இல்லை. இதை நீங்கள் மறக்கக்கூடாது.

ஆடி இரண்டாம் வாரம். நல்ல சாரல், நல்ல கூட்டம். முந்தின நாள் பின்சீட்டில் வந்த அண்ணாச்சி அன்றைக்கும் வண்டியில் ஏறினார். நேராக வந்து பானட்மேல் துண்டை விரித்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

இலஞ்சி விலக்கு தாண்டினதும், “டீச்சர், ஒண்ணு கேப்பேன், தப்பா எடுக்கக் கூடாது” என்றார் மெதுவாக.

“கேளுங்க அண்ணாச்சி.”

“நீங்க இருமுதிய. இவன் திரும்புதான். திரும்பினதும் வண்டிய வலத்த ஒடிக்கான். நேத்தும் பாத்தேன், இப்ப மதகுகிட்டயும் பாத்தேன். நீங்க இருமலேன்னா என்ன செய்வான்?”

“இருமல் வந்தா இருமாம என்ன செய்ய?”

“அதச் சொல்லல. இனிமே குத்தாலம் வரைக்கும் ஒரு இருமல் இருமாம வாங்களேன், பாப்போம். இருமிட்டியள்னா எனக்கு விசயம் வெளங்கிரும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

என்ஜின் சத்தத்தில் நயினாருக்கு இது கேட்கவில்லை. விசில் அடித்துக்கொண்டு ஓட்டினான். நான் பிச்சம்மாளின் பனங்கற்கண்டில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

வளைவு வந்தது. பிச்சம்மாள் நின்றாள். சாரலுக்குப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் கவிழ்த்திருந்தாள். குளிக்க வந்த கூட்டத்துக்கு வழிவிட்டு, வழக்கமான இடத்திலிருந்து ஒரு முழம் ரோட்டுப் பக்கமாக நகர்ந்திருந்தாள். அவள் எங்களைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். பைலட்டின் வண்டி என்பதால் விலக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தொண்டையில் இருமல் வந்து தயாராக நின்றது. எனக்கு நன்றாகவே நேரம் இருந்தது. பதறிப்போனேன், நாக்கு எழவில்லை என்றெல்லாம் உங்களிடம் சொல்லமாட்டேன். அண்ணாச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமினால் ஒரு சீட் போகும். இருமாவிட்டால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். பனங்கற்கண்டோடு சேர்த்து விழுங்கினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. கூடை விழுந்த சத்தம்தான் கேட்டது. அவன் பிரேக் போட்டதும் அவ்வளவு பதனமாக இருந்தது. பஸ்ஸில் ஒருவர்கூட முன்னால் சாயவில்லை. மங்குஸ்தான் பழங்கள் ரோட்டின் சரிவில் வண்டிக்கு முன்னால் உருண்டு போயின. வலப்பக்கம் உருண்டவற்றை நயினார் பார்த்தான்.

“எக்கா” என்றான். “எங்கயிருந்து வந்தா? இப்பத்தான் மொளைச்சாளா?”

“ஏலே, குறுக்க ஓடி வந்துட்டா” என்றேன்.

அண்ணாச்சி திரும்பி உட்கார்ந்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை. நான் இருமவில்லை என்பதை மட்டும்தான் பார்த்தார். அவர் சந்தேகம் தீர்ந்துபோனது. போலீஸில், “கம்ப்யூட்டர்லயே பாஸானவன்யா அவன்” என்று சட்டம் போட்ட சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினார்.

முகம்மது மீரான் ஒருவர்தான் பின்வாசலில் நின்று பார்த்தவர். அண்ணாச்சியின் வக்கீல் அவர் சொன்னதைக் கையால் எழுதி, வழக்கம்போல் என்னிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். ‘பிச்சம்மாள் ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்’ என்று இருந்தது. நான் ஓரத்தை எடுத்தேன். நின்றதையும் எடுத்தேன். ‘ரோட்டின் குறுக்கே ஓடி வந்தார்’ என்று அடித்தேன். முழுத் தாளில் அந்த ஒரு இடம்தான் இடறிக்கொண்டிருந்தது. எடுத்ததும் மற்றதெல்லாம் சீராக ஓடியது. மீரான், “நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும் டீச்சரம்மா” என்று வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர். மோதல் கணக்கில் வரவில்லை.

நயினார் பதினைந்து நாள் சீட்டில் ஏறமாட்டேன் என்று அழுதான். சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, “அவளா வந்து விழுந்ததுக்கு நீ என்னலே செய்வ” என்று சொல்லிச் சொல்லித் தேற்றி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். இப்போது பழையபடி ஓட்டுகிறான். காலர் நிமிர்ந்துதான் இருக்கிறது.

பிச்சம்மாளின் மகள் இசக்கிக்கு டைப்ரைட்டிங் நான்தான் பழக்குகிறேன். அருமையான விரல். ஒருநாள் அடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி, “டீச்சர், எங்கம்மா ஓரத்துலதான நிப்பா? ஏன் குறுக்க ஓடுனா?” என்று கேட்டாள். “கீயைப் பாக்காம அடி தாயி” என்றேன். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டிலேயே அவளுக்கும் இலை போடுகிறேன். உப்பு எங்கே என்று முதலில் அவளும் தேடினாள். இப்போது பழகிவிட்டது.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நாளைக்கு ஆனி பிறக்கிறது. மேற்கே மலை கறுத்துக் கிடக்கிறது, இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கும் என்கிறார்கள். நீங்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு குளிக்க வருவீர்கள். நான் வண்டியில் போவதில்லை. அன்றைக்கு விழுங்கியது விழுங்கியதுதான், இருமல் திரும்ப வரவில்லை. வேண்டுமென்று இருமிப் பார்த்தேன். அது பொய்யாக இருக்கிறது, அவன் திரும்புவதில்லை. அந்த ஒற்றை சீட்டில் இப்போது யாரோ மூட்டை வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

நான் செய்தது தப்பு என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஒரு தம்பிக்கு அக்கா செய்வதைத்தான் செய்தேன். உங்கள்மேலும் எனக்குப் பிரியம் குறையவில்லை. அதனால்தான் சொல்கிறேன் கண்ணுகளா: குற்றாலத்தில் ஆறு மணி வண்டி வரும்போது டிரைவர் பக்கமாக நில்லுங்கள், பிள்ளைகளையும் அந்தப் பக்கமே பிடித்துக்கொள்ளுங்கள். மற்றபடி கவலையே வேண்டாம், தைரியமாக ஏறுங்கள். டம்ளரில் தண்ணீர்கூடத் தளும்பாது.